மதுரைக்கு வழிவிட்ட பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகை

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் முதிய கத்தோலிக்கர் பலர் திருப்பலியைப் பூசை என்றே சொல்வர். ஆலயம் அவர்களுக்குக் கோயில், குருவானவர் சாமி. பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை என்று எப்பக்கம் சென்றாலும் இச்சொற்களைக் கேட்கலாம். மணமேடையில் மணமகளின் கழுத்தில் தாலி ஏறும். நெற்றியில் இட்ட பொட்டை ஆலய வாசலில் அழித்துவிட்டு உள்ளே செல்ல வேண்டுமென எவரும் கேட்பதில்லை. இவ்வழக்கங்களை நமக்குத் தந்தவர் ஆங்கிலத் துரைமார் அல்லர். மலைநாட்டில் பணிபுரிந்த ஐரோப்பியக் குருக்களும் அல்லர். 1820களுக்குப் பின்னர் மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கடல் கடந்தும் காடு கடந்தும் நடந்து வந்த நம் முன்னோர் தம் மூட்டைகளுடன் கொண்டு வந்தவை அவை. அவர்களுக்கு அவை மதுரை மிஷனிலிருந்து கிடைத்தன. மதுரை மிஷன் என்றதும் தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் பெயர் நினைவுக்கு வரும். எனினும் ஒரு குரு, அவர் எவ்வளவு அறிவாளராயினும், ஆயரின் இசைவின்றி எதனையும் நிலைநாட்ட இயலாது. நொபிலி அடிகளாருக்கு அவ்விசைவை அளித்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு அரணாய் நின்றவர் கொடுங்கல்லூரின் முதற் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகை. கேரளத் திருச்சபை வரலாற்றில் அவர் பெயர் புகழுடனும் கசப்புடனும் சொல்லப்படுகிறது. மலையகத்தாராகிய நமக்கு அவரோடு உள்ள உறவு அதனினும் வேறானது.

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், கட்டலோனியாவைச் சேர்ந்த ஜிரோனா நகரில் 1550களின் பிற்பகுதியில் அவர் பிறந்தார். இளமையிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். 1580களின் நடுப்பகுதியில் இந்தியா வந்து சேர்ந்த அவரைச் சபை மேலாளர்கள் மலபார்ப் பகுதிக்கு அனுப்பினர். அங்கு அவருக்காகக் காத்திருந்த பணி எளிதானதன்று.

மலபாரில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் போர்த்துக்கேயரால் மனந்திருப்பப்பட்டவர்கள் அல்லர். திருத்தூதர் தோமையாரிடமிருந்து விசுவாசத்தைப் பெற்றவர்கள் என்பது அவர்களது மரபு. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்களுக்கு ஆலயங்களும் குருக்களும் நிலபுலன்களும் அரசர்கள் அளித்த மதிப்பும் இருந்தன. அவர்களுடைய வழிபாட்டு மொழி சுரியானி. ஆயர்கள் மெசொப்பொத்தாமியாவின் கல்தேயப் பிதாப்பிதாவினால் அனுப்பப்பட்டு வந்தனர். போர்த்துக்கேயக் குருக்களுக்கு இவையாவும் விளங்காப் புதிராகவும், சிலவேளை ஐயத்துக்குரியனவாகவும் தோன்றின. இலத்தீன் அல்லாத பூசையும், உரோமையின் பெயர் அரிதாய் ஒலிக்கும் செபங்களும் அவர்களைக் கலங்கச் செய்தன.

கொடுங்கல்லூரில் பிரான்சிஸ்கன் துறவியர் 1541இல் ஒரு குருமடத்தை நிறுவி, தோமையார் கிறிஸ்தவ இளைஞர்களை இலத்தீனில் பயிற்றினர். கற்றுத் தேர்ந்து குருவாகித் திரும்பிய அம்மைந்தர்களை அவர்களது சொந்த ஊராரே பலிபீடத்தருகே விடவில்லை. சுரியானி அறியாத ஒருவர் தங்கள் கோயிலில் எங்ஙனம் பூசை செய்ய முடியும் என்பதே மக்களின் வாதம். நாற்பது ஆண்டு உழைப்பு ஏறக்குறைய வீணாயிற்று. இத்தோல்வியிலிருந்து பாடம் கற்ற இயேசு சபையினர் 1587இல் சேந்தமங்கலத்தருகே வைப்பிக்கோட்டையில் தொடங்கிய குருமடத்தில் சுரியானிக்கு முதன்மை அளித்தனர். அம்மொழியைக் கற்பிக்கும் பொறுப்பு ரோஸ் அடிகளாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கேதான் அவருடைய தனிச்சிறப்பு வெளிப்பட்டது. பன்னீராயிரம் கல் கடந்து வந்த ஒரு கட்டலோனியர், கேரளத்து ஆற்றங்கரையில் அமர்ந்து, கேரளத்துச் சிறுவர்களுக்கு அவர்களுடைய முன்னோரின் வழிபாட்டு மொழியைக் கற்பித்தார். மலையாளத்தை ஊராரைப் போலவே பேசவும் எழுதவும் பழகினார். அந்நாளில் இந்தியாவிலிருந்த ஐரோப்பியருள் சுரியானி ஏடுகளைத் தாமே படித்துப் பொருளுணரக் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களுள் முதன்மையானவர் இவர். ஆனால் அவ்வறிவை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தியக் கிறிஸ்தவரிடையே காணப்படும் நெஸ்தோரியத் தவறுகள் பற்றி அவர் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். மக்களின் நூல்களை அன்போடு படித்த அதே கண்கள் அந்நூல்களில் குற்றத்தையும் தேடின. அந்நூற்றாண்டின் இறையியலார் எவரும் அவ்விரண்டையும் முரணாகக் கருதவில்லை. இன்று அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கையில் நமக்குச் சங்கடமே மிஞ்சுகிறது.

அங்கமாலியின் கடைசிக் கல்தேய ஆயரான மார் ஆபிரகாம் 1597இல் காலமானார். கிழக்கிலிருந்து வேறோர் ஆயர் வந்துவிடக் கூடாதென்பதில் கோவாவின் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசெஸ் உறுதியாயிருந்தார். அகுஸ்தீனிய சபைத் துறவியான அவர் ஆற்றல் மிக்கவர், அஞ்சாதவர், பொறுமை குறைந்தவர். 1599இன் தொடக்கத்தில் அவரே மலபாருக்கு வந்து, ஊர் ஊராகச் சுற்றி, அரசர்களைக் கண்டு பேசி, ஏராளமானோருக்குக் குருப்பட்டம் அளித்துத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு யூன் மாதம் 20ஆம் திகதி முதல் 26ஆம் திகதி வரை உதயம்பேரூரில் அவர் கூட்டிய சங்கத்தில் 153 குருக்களும் ஏறத்தாழ 660 பொதுநிலையினரும் கலந்துகொண்டனர். ஒரு வாரத்துக்குள் தோமையார் கிறிஸ்தவரின் பல நூற்றாண்டு வாழ்வை மாற்றியமைக்கும் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. கல்தேயப் பிதாப்பிதாவின் பெயரை வழிபாட்டில் சொல்வது தடைசெய்யப்பட்டது. சுரியானி நூல்கள் பல திருத்தப்பட வேண்டுமென்றும், சில எரிக்கப்பட வேண்டுமென்றும் முடிவாயிற்று. இனி ஒருபோதும் கிடைக்காத ஏடுகள் அத்தீயில் போயின. சுரியானி வல்லுநர் என்ற முறையில் அச்சூழலில் ரோஸ் அடிகளாருக்கும் பங்கு உண்டு. அப்பழியில் ஒரு பகுதி அவரைச் சாரும்.

அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில் அவர் அங்கமாலியின் ஆயராக நியமிக்கப்பட்டார். 1601 சனவரியில் கோவாவில் மெனேசெஸ் ஆண்டகையின் கைகளால் அபிஷேகம் பெற்றார். தோமையார் கிறிஸ்தவர்களின் முதல் இலத்தீன் ஆயர் அவரே. எனினும் அந்நியமனத்தோடு ஓர் அவமதிப்பும் சேர்ந்து வந்தது. பழம்பெருமை வாய்ந்த அங்கமாலிப் பேராயம் சாதாரண மறைமாவட்டமாகக் குறைக்கப்பட்டு, கோவாவின் கீழ் வைக்கப்பட்டது. போர்த்துக்கல் அரசருக்கு ஆயரை முன்மொழியும் உரிமையும் அதன்மேல் நீட்டப்பட்டது. மக்கள் கொதித்தனர். தங்கள் திருச்சபைத் தலைமையின் தகுதியைப் பறித்தது தங்களையே தாழ்த்தியதற்கு ஒப்பாகும் என்று முறையிட்டனர்.

புதிய ஆயர் இங்கு எடுத்த நிலைப்பாடு கவனிக்கத்தக்கது. தமக்கு அபிஷேகம் செய்த பேராயருக்கு மனவருத்தம் உண்டாகும் என்பதை அறிந்தும், அவர் மக்களின் முறையீட்டுக்கு ஆதரவாக நின்றார். உதயம்பேரூர்த் தீர்மானங்கள் மட்டும் போதுமென இராமல், 1603இல் அங்கமாலியில் தாமே ஒரு சங்கத்தைக் கூட்டினார். 1606இல் தம் மறைமாவட்டத்துக்கான ஒழுங்கு விதிகளை மலையாளத்தில் வகுத்தளித்தார். மக்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில் சட்டம் இருக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அவருக்கு விளங்கியிருந்தது. சுரியானியை ஒழித்துவிட்டு இலத்தீனைப் புகுத்துவதே எளிய வழி என்று எண்ணிய போர்த்துக்கேயர் பலர் அன்று இருந்தனர். அவரோ இலத்தீன் சடங்கு நூல்களைச் சுரியானிக்குப் பெயர்த்தார். உள்ளடக்கத்தில் உரோமையின் பக்கம் சாய்ந்த மாற்றங்கள் பல புகுந்தன. ஆயினும் அம்மக்களின் பலிபீடத்தில் சுரியானி தொடர்ந்து ஒலித்தது. 1608 டிசம்பரில் ஐந்தாம் பவுல் பாப்பரசர் பேராயத் தகுதியை மீண்டும் வழங்கினார். மறு ஆண்டில் அதன் இருப்பிடம் முறைப்படி கொடுங்கல்லூருக்கு மாற்றப்பட்டது.

அம்மாற்றத்தால் வேறொரு வழக்கு முளைத்தது. கொடுங்கல்லூர் கொச்சி மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. கொச்சி ஆயர் அந்திரேயாஸ் தெ சாந்தா மரியா, தம் மண்ணில் மற்றொருவர் சிம்மாசனம் இடுவதை ஏற்கவில்லை. இரு ஆயர்களுக்குமிடையே கடுமையான பூசல் நீடித்தது. 1610இல் மெனேசெஸ் பேராயர் எல்லைகளை வகுத்த பின்னரே அது ஓரளவு தணிந்தது. அந்நாளில் இலங்கைத் தீவும் கொச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கோட்டையிலும் மன்னாரிலும் இருந்த கத்தோலிக்கரின் ஆயர், ரோஸ் ஆண்டகையுடன் எல்லைக்கு வழக்காடிய அதே அந்திரேயாஸ் ஆண்டகைதான். எல்லை பிரிக்கப்பட்டபோது பாண்டி நாட்டின் உட்பகுதியும் மதுரையும் கொடுங்கல்லூர்ப் பேராயத்துக்கு ஒதுக்கப்பட்டன. வரைபடத்தில் இழுத்த அக்கோடு பின்னாளில் எத்துணைப் பயன் தந்தது என்பதை இனிக் காண்போம்.

அதற்கு முன் மலைவாசிகளாகிய நமக்குச் சுவை தரும் ஒரு நிகழ்ச்சி. நீலகிரி மலையின் உச்சியில் தோதா மலை என்ற இடத்தில் பழைய கிறிஸ்தவர்கள் சிலர் மறந்துபோன நிலையில் வாழ்கின்றனர் என்றொரு செய்தி மலபாரில் உலவிற்று. அதனைக் கேட்ட ஆயர் முதலில் தம் ஆள்களை அனுப்பினார். பின்னர் 1603இல் கோழிக்கோட்டிலிருந்த இத்தாலியரான ஜாக்கொமோ ஃபெனிச்சியோ அடிகளாரை அனுப்பினார். ஊட்டி என்ற பெயரை ஆங்கிலேயர் அறிவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வடிகளார் செங்குத்தான காட்டு வழியில் ஏறி, தோதவரையும் படகரையும் கண்டார். தோதவரின் வாழ்வும் வழிபாடும் எருமை மந்தைகளைச் சுற்றியே அமைந்திருந்தன. கிறிஸ்தவத்தின் சுவடு எதுவும் அங்கே இல்லை. உள்ளதை உள்ளவாறே எழுதி அனுப்பினார் ஃபெனிச்சியோ. நீலகிரி மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதற் குறிப்பு அதுவே. தேடிப் போனது கிடைக்கவில்லையாயினும், மேகம் மூடிய ஒரு மலையில் சிதறிக் கிடக்கும் சிலருக்காக ஆள் அனுப்பிய அந்த ஆயரின் மனம் நமக்குப் பிடிபடுகிறது. தோட்டத்துக் கடைசி லயத்துக்குக் குரு வராத ஞாயிறுகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி மதுரைக்கு வருவோம். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு 1595 முதல் அந்நகரில் இருந்தார். அவர் நல்லவர், உழைப்பாளி. ஆனால் முத்துக்குளித்துறையிலிருந்து வந்து தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவரைத் தவிர, அந்நகரத்தவர் எவரும் அவரிடம் சேரவில்லை. காரணம் பறங்கி என்ற ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. போர்த்துக்கேயரை மதுரை மக்கள் அப்பெயரால் குறித்தனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடாதவர், ஆசாரமற்றவர் என்பதே அதன் பொருள். இதில் விந்தை என்னவெனில், திருமுழுக்குப் பெற வந்தவரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே குருக்களின் உதவியாளர் கேட்டு வந்தனர். கிறிஸ்துவை ஏற்பதும் பறங்கியாவதும் ஒன்றே என்று திருச்சபையே மக்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது!

1606 நவம்பரில் மதுரையை அடைந்த இருபத்தொன்பது வயது நொபிலி அடிகளார் இதனைக் கண்டார். காவியுடுத்தி, மரக்கறி உணவுண்டு, சந்தனம் பூசி, தமிழும் வடமொழியும் கற்று, உரோமையிலிருந்து வந்த சந்நியாசியாக வாழத் தலைப்பட்டார். தம்மிடம் வந்தவர்கள் குடுமியையும் பூணூலையும் களைய வேண்டுமென அவர் கேட்கவில்லை. அவை குலத்தின் அடையாளங்களேயன்றிச் சிலை வழிபாட்டின் சின்னங்கள் அல்ல என்பது அவர் கொண்ட முடிவு. இம்முடிவுக்கு ஆதரவளித்தவர்கள் இருவர்: சபையின் மாநிலத் தலைவர் அல்பெர்த்தோ லயெர்சியோ ஒருவர், ரோஸ் ஆண்டகை மற்றவர்.

இவ்வாதரவின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ரோஸ் ஆண்டகை புதுமை நாடியவர் அல்லர். தவறான கொள்கைகளைத் தேடித் திருத்துவதற்கென்றே தம் வாழ்நாளின் முற்பகுதியைச் செலவிட்டவர். பூணூல் ஒரு சமயச் சின்னந்தான் என்று அவர் கூறியிருந்தால், நொபிலியின் முயற்சி தொடங்கிய இடத்திலேயே முடிந்திருக்கும். எவரும் பேராயரைக் குறை கூறியிருக்கமாட்டார். 1610இல் பெர்னாண்டஸ் அடிகளார் தம் உடன்குருவின்மேல் எழுத்தில் குற்றம் சாட்டியபோது, கோவாவிலும் கொச்சியிலும் மூத்த குருக்கள் பலர் அதிர்ந்து போயினர். செய்தி உரோமைக்கும் எட்டிற்று. நொபிலியின் உறவினரும் ஒருகாலத்தில் கப்புவா நகரின் பேராயருமாயிருந்த கர்தினால் பெல்லார்மின்கூட முதலில் தவறாகப் புரிந்துகொண்டு கண்டித்து எழுதினார். அந்நிலையிலும் ரோஸ் ஆண்டகை அசையவில்லை. விசாரித்தார், சான்றுகளைக் கேட்டார், நொபிலியின் பக்கமே நியாயம் உள்ளதென்று உரோமைக்கு எழுதினார். பெல்லார்மினும் பின்னர் உண்மையறிந்து ஆதரவாளரானார்.

கேரளத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த அனுபவம் அவரை இதற்கு ஆயத்தப்படுத்தியிருந்தது என்பதே என் எண்ணம். தோமையார் கிறிஸ்தவர் தம் அண்டை வீட்டு நாயரைப் போலவே உடுத்தனர். அவர்களைப் போலவே திருமணத்தில் தாலி கட்டினர். ஆயினும் கிறிஸ்தவராகவே இருந்தனர். ஆடையும் அணியும் ஒருவரைப் புறச்சமயத்தவர் ஆக்குவதில்லை என்பதற்கு அவருக்கு நூல் ஆதாரம் வேண்டியதில்லை. நாள்தோறும் கண்ணெதிரே கண்டார். உதயம்பேரூரில் தீர்ப்பளிக்க வந்தவர்கள் காணத் தவறியதை, வைப்பிக்கோட்டையின் பழைய ஆசிரியர் மதுரை விடயத்திலேனும் கண்டார்.

பறங்கி என்ற சொல்லின் கனத்தை ஊவா மக்களும் அறிந்திருந்தனர். 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ தெ சா படையுடன் வந்து பதுளை நகரைத் தீக்கிரையாக்கினார். திரும்பும் வழியில் வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில் கண்டிப் படையினரிடம் சிக்கி உயிரிழந்தார். அக்காலத்து ஊவா வாசி ஒருவருக்குச் சிலுவை என்பது தம் வீட்டைக் கொளுத்தியவனின் கொடியில் இருந்த அடையாளம். அதே நூற்றாண்டின் இறுதியில், 1687இல், கோவாவிலிருந்து கந்தல் உடையில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளார் பறங்கிப் படையின் நிழலின்றிக் கண்டி இராச்சியத்தில் பணிபுரிந்து, 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். நொபிலி அடிகளாரும் 1640களில் தம் முதுமையில் சில காலம் யாழ்ப்பாணத்தில் இருந்துள்ளார்.

1616இல் பாப்பரசர் விடுத்த பணிப்பின்பேரில், 1619 பெப்ரவரியில் கோவாவில் இவ்வழக்கை ஆராய ஒரு கூட்டம் கூடிற்று. கோவாவின் பேராயர் கிறிஸ்தோவாவோ தெ சா தலைமை வகித்தார். இறையியலாரும் விசாரணை மன்றத்தினரும் அமர்ந்திருந்தனர். அறுபது வயதை எட்டிய ரோஸ் ஆண்டகை கொடுங்கல்லூரிலிருந்து பயணம் செய்து வந்து, குற்றஞ்சாட்டப்பட்ட குருவின் பக்கத்தில் நின்றார். கூடியிருந்தோரில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராகவே கருத்துரைத்தனர். கோவாவின் பேராயரும் அவ்வாறே. பறங்கித் தலைநகரில், பறங்கி ஆடையணிந்த அவையின் நடுவே, காவியுடுத்த ஒரு துறவிக்காக வாதாடிய பேராயர்கள் இருவராக இருந்ததில்லை. ஆவணங்கள் யாவும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. போர்த்துக்கல்லின் தலைமை விசாரணையாளர் அவற்றைப் படித்து நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புரைத்தார். 1623 சனவரி 31ஆம் திகதி பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை, மூடநம்பிக்கை சார்ந்த மந்திரங்களும் சடங்குகளும் நீங்கலாக, அனுமதித்து ஆணை வெளியிட்டார்.

அவ்வாணையின் இறுதியில் உயர்குலத்தோருக்கு ஒரு வேண்டுகோளும் இருந்தது. தாழ்ந்தவர் எனப்படுவோரை, அதிலும் ஆலயத்தினுள், இழிவாக நடத்த வேண்டாமென்பதே அது. இவ்வேண்டுகோள் ஏட்டோடு நின்றுவிட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. குடுமியும் பூணூலும் குல அடையாளங்கள்தாம் என்று ஏற்றபோது, குலம் என்பதும் சேர்த்தே ஏற்கப்பட்டது. பூணூல் அணிந்தவருக்குக் கதவு திறந்தது; அணிய உரிமையற்றவருக்கு அது அகலத் திறக்கவில்லை. 1640இல் பல்தாசார் த கோஸ்தா அடிகளார் பண்டாரசாமியாக வேடம் பூண்டு, ஒதுக்கப்பட்ட மக்களிடையே சென்ற பின்னரே அவர்கள் பெருந்திரளாகச் சேர்ந்தனர். மலையகத்துக்கு வந்த கத்தோலிக்கரில் கணிசமானோர் அவ்வழிவந்தவர்கள். சாதிப் பிரிவினை ஆலயங்களுள் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ரோஸ் ஆண்டகை இவற்றை முன்னறிந்திருக்க முடியாதென்று சிலர் வாதிடலாம். அவர் கேரளத்தில் வாழ்ந்தவர். தீண்டாமையைக் கண்ணாரக் கண்டவர். அவர் காலத்துத் திருச்சபை அதனைப் பெரிய கேள்வியாக எழுப்பவில்லை, அவரும் எழுப்பவில்லை.

மதுரையில் இவ்வளவு பரந்த மனத்தோடு நடந்தவர், தம் சொந்த வீட்டில் அமைதியைக் காணவில்லை. தோமையார் கிறிஸ்தவரிடையே அர்க்கதியாக்கோன் எனப்படும் தலைமைத் தொண்டர் பதவி மிகவும் வலிமை வாய்ந்தது. ஆயர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து செல்வர். மக்களின் உண்மையான தலைவர், அரசர்களிடம் அவர்களுக்காகப் பேசுபவர், அர்க்கதியாக்கோனே. ரோஸ் ஆண்டகையின் காலத்தில் அப்பதவியில் இருந்தவர் சிலுவையின் ஜோர்ஜ். பேராயரோ எல்லா அதிகாரமும் ஆயரிடமே இருக்க வேண்டுமென்ற திரிதெந்தீன் சங்கத்தின் ஒழுங்கில் ஊறியவர். ஓர் உறைக்குள் இரு வாள்கள் தங்கவில்லை. 1609இல் ஜோர்ஜைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். 1615இல் இருவரும் சமாதானமாயினர். பின்னர் 1618இல் கோவாவுக்குப் புறப்பட்ட பேராயர், தாம் இல்லாத காலத்தில் மறைமாவட்டத்தை நடத்தும் பொறுப்பை அர்க்கதியாக்கோனுக்குக் கொடாமல் வைப்பிக்கோட்டைக் குருமடத் தலைவரிடம் ஒப்படைத்தார். மரபுப்படி தமக்குரியது அயலார் ஒருவருக்குப் போனதை ஜோர்ஜ் பொறுக்கவில்லை. சண்டை மீண்டும் மூண்டது. மக்களில் பெரும்பகுதியினர் தம் தலைவரின் பின்னே நின்றனர்.

இதில் நான் பேராயரின் பக்கம் நிற்க இயலாது. ஒரு மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய பேராயத் தகுதிக்காகப் போராடி, அவர்களுக்காகச் சட்டமும் செபமும் எழுதிய ஒருவர், அவர்களுடைய தலைவரை மட்டும் நம்பவில்லை. நொபிலி என்ற வெளிநாட்டவர் இந்தியராக வாழ்வதை அவரால் ஏற்க முடிந்தது. இந்தியர் ஒருவர் தம் மக்களை ஆள்வதை ஏற்பதோ அவருக்குக் கடினமாயிருந்தது.

1624 பெப்ரவரியில் பறவூரில் ரோஸ் ஆண்டகை இறைவனடி சேர்ந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் இந்திய மண்ணில் கழித்த காலம் நாற்பது ஆண்டுகள். அவற்றுள் இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயராக. அவருக்குப் பின் எஸ்தேவாவோ தெ பிரித்தோ பேராயரானார். அவர் மென்மையாக நடந்துகொண்டதால் ஜோர்ஜுடன் ஓரளவு இணக்கம் ஏற்பட்டது. அதற்குப் பின் வந்த பிரான்சிஸ் கார்சியா ஆண்டகையின் காலத்தில் பழைய புண் மீண்டும் வெடித்தது. 1653 சனவரி 3ஆம் திகதி மட்டாஞ்சேரியில் ஆயிரக்கணக்கான தோமையார் கிறிஸ்தவர் கூடி, இயேசு சபைப் பேராயருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை எனச் சபதம் செய்தனர். சாய்ந்த சிலுவைச் சபதம் என அது பெயர் பெற்றது. அன்று உண்டான பிளவு இன்றளவும் முழுமையாக ஆறவில்லை. 1662இல் ஒல்லாந்தர் கொடுங்கல்லூர்க் கோட்டையைப் பிடித்தனர். அப்பேராயமே 1886இல் எடுக்கப்பட்டது.

மதுரையிலோ கதை வேறு விதமாகச் சென்றது. 1704இல் பாப்பரசரின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையும், 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் விடுத்த மடலும் நொபிலியின் வழிமுறைகளில் பலவற்றைக் கட்டுப்படுத்தின. அத்தடைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் குருக்கள் செய்து வந்த சத்தியப்பிரமாணம் 1940இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மக்கள் தம் கோயிலையும் பூசையையும் தாலியையும் விட்டுவிடவில்லை. பஞ்சத்தாலும் கடனாலும் கங்காணியின் சொல்லாலும் துரத்தப்பட்டு அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினர். மாத்தளைக் காட்டு வழியே நடந்தபோது வழியில் இறந்தோரைப் புதைத்துவிட்டு மேலும் நடந்தனர். ஊவா மலைகளுக்கு அவர்கள் வந்து சேர்ந்த நாள்களில் பதுளைக்கென ஓர் ஆயர் இல்லை. கண்டியிலிருந்து பிரித்து 1972இல்தான் பதுளை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. குரு வருமுன்னரே தோட்டங்களில் கூரை வேய்ந்த சிறு கோயில்கள் எழுந்தன. அங்கே மாலை வேளைகளில் செபமாலை சொல்லியவர்கள், தமிழில்தான் சொன்னார்கள்.